கர்ப்பப்பை ஸ்கேனா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போ

தங்கச்சி, டாக்டர் சீட்டில் 'யுஎஸ்ஜி பெல்விஸ்' (அடிவயிற்று ஸ்கேன்) என்று எழுதிக் கொடுத்தாரா? எழுந்து வருவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்: "வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்ப்பதா, உள்ளே வைத்துப் பார்ப்பதா?" இரண்டுக்கும் நீ தயாராகும் விதம் நேர்எதிர். இது தெரியாமல் போய்த்தான் பலர் ஸ்கேன் சென்டரில் மணிக்கணக்காகத் தவிக்கிறார்கள்.

மேலே வைத்துப் பார்ப்பதென்றால் யூரின் முட்டிக்கொண்டு இருக்க வேண்டும். குடலில் இருக்கும் காற்று ஒலி அலையைத் தடுத்துவிடும். சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிவிட்டு, கர்ப்பப்பையும் சினைப்பையும் தெரிய வழிவிடும். நான்கைந்து டம்ளர் தண்ணீரை ஒரு மணி நேரம் முன்னதாகவே குடித்து முடித்துவிடு. டோக்கனைக் கையில் வாங்கிய பிறகு பாட்டிலைத் திறந்தால், உன் முறை வரும்போது பை நிரம்பியிருக்காது. தாங்க முடியாத அளவுக்கு முட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதே, கவுன்ட்டரில் சொல். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்து, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், டாக்டரைக் கேட்காமல் இப்படிக் குடிக்காதே.

பெல்விஸ் ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். சீட்டில் 'ஹோல் அப்டமன்' (முழு வயிறு) என்று இருந்தால் பித்தப்பையையும் பார்ப்பார்கள். அதற்கு ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் காலை மாத்திரையை என்ன செய்வதென்று முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைத்துப் பார்ப்பது டிவிஎஸ். இதற்கு யூரின் போய்விட்டு வந்து படுக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக வைக்கும் புரோப் என்ற கருவி இரண்டு விரல் பருமன் இருக்கும். உன் கண் முன்னாலேயே அதற்குப் புது ஆணுறை மாட்டி, மேலே ஜெல் தடவுவார்கள். மாட்டவில்லை என்றால் "புது கவர் போடுங்க" என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருகிற உடம்பென்றால் அதையும் முன்கூட்டியே சொல், லேட்டக்ஸ் இல்லாத உறை போடுவார்கள். சில அங்குலம்தான் உள்ளே போகும். அழுத்துவது போலிருக்கும், குத்துவது போல் வலிக்கக் கூடாது. வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல், நிறுத்தியாக வேண்டும். "நானே மெல்ல உள்ளே வைத்துக்கொள்கிறேன்" என்று கேட்கிற பெண்களும் உண்டு, நீயும் தயங்காமல் கேட்கலாம். இதில் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லை, வெறும் ஒலி அலைதான். புரோப் உறுப்புகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படம் இன்னும் தெளிவாக விழும்.

அடுத்து சொல்லப்போவதைக் கல்யாணமாகாத தங்கைகள் கவனமாகக் கேளுங்கள். ஸ்கேன் அறையில் "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது உடலுறவு பழக்கம் உண்டா என்பது. அது இல்லாதவர்களுக்கு டிவிஎஸ் பொதுவாகச் செய்வதில்லை, வயிற்றின் மேல் வைத்தே பார்ப்பார்கள். கல்யாணமாகாமலே பழக்கம் உள்ள பெண், பக்கத்தில் அம்மா நிற்கும்போது எப்படி வாயைத் திறப்பாள்? "அம்மா ஒரு நிமிஷம் வெளியே இருக்கட்டும்" என்று டாக்டரிடம் சொல். நாள் தள்ளிப்போயிருக்கிறது, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதை மறைக்கவே மறைக்காதே. கரு கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய வன்முறையின் நினைவோ, உள்ளே எதை வைத்தாலும் உடம்பு இறுகிக்கொள்ளும் தொல்லையோ இருந்தால், புரோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு. கல்யாணமான பெண்ணும் டிவிஎஸ் வேண்டாம் என்று சொல்லலாம்.

ஸ்கேன் பார்ப்பவர் ஆணாக இருந்தால் ஒரு பெண் ஊழியர் உடன் இருக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இதை மருத்துவமனையின் கடமையாகவே சொல்கிறது. சிஸ்டர் வேறு வேலையாகப் போயிருந்தால், "அவங்க வரட்டும் சார், காத்திருக்கேன்" என்று சொல். போர்த்திக்கொள்ள ஒரு துணியும் கேட்டு வாங்கு.

சேலையோ பாவாடையோ கட்டிப் போனால் டிவிஎஸ்ஸுக்கு உள்ளாடையை மட்டும் எடுத்தால் போதும். பீரியட்ஸ் சமயத்திலும் ஸ்கேன் எடுக்கலாம், அதில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களை இரண்டாம், மூன்றாம் நாளிலேயே வரச் சொல்வதும் உண்டு. டாம்பான், கப் வைத்திருந்தால் எடுத்துவிட்டுப் போ, மாற்று நாப்கின் ஒன்று பையில் இருக்கட்டும்.

கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளின் தேதியை மட்டும் மறக்காமல் குறித்துக்கொண்டு போ. கர்ப்பப்பையின் உட்சவ்வு தீட்டு முடிந்தவுடன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அடுத்த தீட்டு நெருங்கும்போது 14, 16 வரைகூடத் தடிக்கும். ரிப்போர்ட்டில் 'இடி 12 மி.மீ.' (இடி என்பது உட்சவ்வின் தடிமன்) என்று பார்த்ததும் பயந்து கூகுளில் தேடாதே. அது எத்தனையாவது நாள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்றுபோன அக்காக்களுக்குக் கணக்கு வேறு. நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போது உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சதைப் பரிசோதனை வரை போவார்கள்.

ரிப்போர்ட்டில் வரும் பல வார்த்தைகள் நோயே இல்லை. 'ரெட்ரோவெர்ட்டட்' என்றால் கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான். 'நபோத்தியன் சிஸ்ட்' கர்ப்பப்பை வாயில் வரும் சாதாரணக் கொப்புளம். தீட்டு வருகிற வயதில் 5 சென்டிமீட்டருக்குக் குறைவான வெறும் நீர்க்கட்டி பெரும்பாலும் தானே கரைந்துவிடும். 'பிசிஓ' (சினைப்பை நிறையச் சிறு கொப்புளங்களோடு தெரிவது) என்று எழுதியிருந்தால் அதை மட்டும் வைத்து உனக்கு பிசிஓடி என்று முடிவு கட்ட முடியாது. தீட்டு தள்ளிப்போவது, முகத்தில் முடி முளைப்பது போன்ற ஆண் ஹார்மோன் அறிகுறி, ஸ்கேனில் தெரியும் பிசிஓ ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓடி சொல்லவே கூடாது என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். பத்தாவது படிக்கிற பிள்ளையை அந்த ஒரு காகிதத்தைக் காட்டி நோயாளி ஆக்கிவிடாதீர்கள்.

ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்தும் மாதாமாதம் சுருண்டு படுக்கிற வலி இருந்தால், "ஒண்ணுமில்லை, மனசுதான் காரணம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதே. இப்படி வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயின் மெல்லிய படிவுகள் ஸ்கேனில் தெரியாமலே போகும். அடுத்து எம்ஆர்ஐ தேவையா, லேப்ராஸ்கோபி தேவையா என்று டாக்டரிடம் கேள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையும் இந்த ஸ்கேனில் அடங்காது. அதற்குப் பாப் ஸ்மியரோ எச்பிவி சோதனையோ தனியாக எடுக்க வேண்டும். முப்பது தாண்டியவர்கள் இந்தப் புற்றுநோய்க்கான முதல்கட்டச் சோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.