விண்டோஸ் 11க்கு மாறும் முன் லைசன்ஸை கவனியுங்கள்!

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. கம்ப்யூட்டர் தொடர்ந்து இயங்கும். ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பைல்கள் முன்பு போல் தானாக வராது. அதனால் பலரும் விண்டோஸ் 11க்கு மாற விரும்புகின்றனர்.

திருமயம் போன்ற ஊர்களில் இதற்காகக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு புதுக்கோட்டைக்கோ, காரைக்குடிக்கோ செல்ல வேண்டியுள்ளது. அங்கே யாரேனும் டிஸ்க்கை பார்மட் செய்து, கைக்குக் கிடைத்த விண்டோஸைப் பதிந்து தந்துவிட்டால், போட்டோக்களும் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸும் பயன்படாது. இந்த வேலையை நீங்களே வீட்டில் செய்திடலாம்.

லைசன்ஸ் எங்கே உள்ளது?

லைசன்ஸ் என்பது சிடியிலோ, 25 எழுத்துக்கள் கொண்ட கீயிலோ மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். 2001ல் எக்ஸ்பி வந்த போதே, கீயுடன் கம்ப்யூட்டரின் பாகங்களையும் சேர்த்துச் சரி பார்க்கும் ஆக்டிவேஷன் முறை வந்துவிட்டது. விண்டோஸ் 10ல் இது டிஜிட்டல் லைசன்ஸ் ஆனது. உங்கள் கம்ப்யூட்டரின், குறிப்பாக மதர்போர்டின், அடையாளம் மைக்ரோசாப்ட் சர்வரில் பதிவாகிவிடும். அதே கம்ப்யூட்டரில் அதே எடிஷனை மீண்டும் பதிந்தால், இன்டர்நெட் இணைப்பு கிடைத்தவுடன் தானாக ஆக்டிவேட் ஆகும். ஹோம் லைசன்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் ப்ரோ எடிஷனைப் பதிந்தால் ஆகாது.

மாறும் முன் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் 10ல் செட்டிங்ஸ் திறந்து, அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன் எனச் செல்லவும். எடிஷன் எது என்பதைக் குறித்துக் கொள்ளவும். டிஜிட்டல் லைசன்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியுள்ளதாகச் செய்தி இருந்தால் நல்லது. வீட்டுக் கம்ப்யூட்டரில் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" என்ற பொருளில் செய்தி வந்தால், அது உங்கள் பெயரில் வாங்கிய லைசன்ஸ் அல்ல. கைமாற்றி வாங்குபவர்கள் பணம் தருவதற்கு முன்பே இதைப் பார்க்கவும்.

2. அதே பக்கத்தில் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டை இணைக்கவும். பின்னாளில் மதர்போர்டை மாற்ற நேர்ந்தால், ட்ரபுள்ஷூட் பிரிவில் இந்த அக்கவுண்ட் மூலம் லைசன்ஸை மீட்க முயற்சிக்கலாம். ஆனால், கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த ஓ.இ.எம். லைசன்ஸ் பொதுவாக வேறு மதர்போர்டுக்கு மாறாது.

3. மைக்ரோசாப்ட் தரும் பி.சி. ஹெல்த் செக் புரோகிராமை இயக்கவும். 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. டிஸ்க், டி.பி.எம். 2.0 சிப், செக்யூர் பூட் வசதி, அனுமதிக்கப்பட்ட ப்ராசசர் ஆகியவை தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும்.

4. முக்கிய பைல்களை பென் டிரைவ் அல்லது வேறு டிஸ்க்கில் காப்பி செய்திடவும்.

இனி அப்கிரேட்

விண்டோஸ் அப்டேட் பிரிவில் விண்டோஸ் 11 காட்டப்பட்டால், டவுண்லோட் அண்ட் இன்ஸ்டால் கிளிக் செய்திடவும். இதற்குக் கட்டணம் இல்லை, கீயும் கேட்காது. டவுண்லோட் சில ஜி.பி. அளவில் இருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட் பயன்படுத்துபவர்கள் டேட்டா இருப்பைப் பார்த்துத் தொடங்கவும். மின்சாரம் போனாலும் நிற்காதபடி யு.பி.எஸ். அல்லது முழு பேட்டரி இருக்கட்டும். புதிய சிஸ்டம் பிடிக்கவில்லை என்றால், 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி சென்று பழையதற்குத் திரும்பலாம்.

பழைய லேப்டாப் என்றால்?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்டவற்றை இன்றும் சிலர் வைத்துள்ளனர். அவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுடன் தரப்பட்ட பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் சிஸ்டத்தின் புதிய பதிப்பைப் பதியலாம். அதற்கு ஆக்டிவேஷனே கிடையாது. ஓரளவு புதிய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் என்றால், இ.எஸ்.யு. திட்டத்தில் சேர்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.

எதுவானாலும், இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகக் கூறும் கிராக் புரோகிராம்களைத் தொட வேண்டாம். அவை இயங்க, ஆண்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்லும். பேங்க் பாஸ்வேர்டை டைப் செய்யும் கம்ப்யூட்டரில் அந்தக் கதவை நாமே திறந்து வைக்கலாமா?