திறந்த வீடும் விழித்த கண்ணும்

ஆண்டு மலருக்குக் கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதப் போவதாக வீட்டில் சொன்னேன். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்றும் விளக்கினேன். அம்மா உடனே, "எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்த வீட்டில் திருடன் நுழைய மாட்டானா?" என்று கேட்டார்கள். அன்புத் தோழியரே, அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

வன்பொருள்

கணினியில் கையால் தொடக்கூடிய பாகங்களை வன்பொருள் என்கிறோம். அவற்றுள் நான்கை முதலில் அறிய வேண்டும். கட்டளைகளை நிறைவேற்றுவது மையச் செயலகம். வேலை நடக்கும்போது தகவல்களைத் தாங்குவது நினைவகம். மின்சாரம் நின்றால் துடைத்த கரும்பலகை போல் அது வெறுமையாகிவிடும். மின்சாரம் நின்றாலும் தகவலைக் காப்பது வன்தட்டு. வெளியுலகோடு இணைப்பது வலையட்டை.

கடவுச்சொல் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் திருடியவன் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் படித்துவிடலாம். எனவே தட்டில் உள்ளவற்றை மறையாக்கம் செய்து வைப்பது அவசியம்.

இயங்குதளம்

இப்பாகங்களையெல்லாம் ஆட்சி செய்வது இயங்குதளம். 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. டெபியன், உபுண்டு முதலியவை இவ்வாறு வளர்ந்தவையே. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

திண்டுக்கல் பூட்டு செய்யும் முறை பலருக்குத் தெரியும். அதனால் நம் வீட்டுப் பூட்டை அவர்கள் திறந்துவிட முடியுமா? முடியாது, சாவி நம்மிடம் அல்லவா இருக்கிறது! செய்முறை தெரிந்த பலர் இருப்பதால், பூட்டில் குறை இருந்தால் அது வெளிப்படவும் வழியுண்டு.

அரை விநாடி

ஆயினும் அம்மாவின் அச்சம் வீணன்று. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். அதை ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் உதவ வந்தவர் ஈராண்டுக்கு மேல் நல்லவராக உழைத்து, நம்பிக்கையும் பொறுப்பும் பெற்றார். பின்னர் 2024 இன் தொடக்கத்தில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் கள்ளவழியை அதில் புகுத்தினார். வேலியே பயிரை மேய்ந்தது! அதைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்ததால் நிரலைப் படித்தவர் கண்ணுக்கு எளிதில் படவில்லை.

மைக்ரோசாப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் தம் கணினியில் வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். உள்நுழைய ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கண்டார். மற்றவராயின் விட்டிருப்பர், அவர் காரணத்தைத் தேடினார். 2024 மார்ச் 29 அன்று உண்மையை உலகுக்கு அறிவித்தார். பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற காளி லினக்ஸிலும் அக்கள்ளவழி சில நாள் புகுந்திருந்தது என்றால் ஆபத்தின் அளவை உணரலாம்.

பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். எல்லாரும் பார்க்கலாம் என்றால், யாரோ பார்த்திருப்பார் என்று எல்லாரும் இருந்துவிடுவது மனித இயல்பு.

தொடங்குவோர் செய்ய வேண்டியவை

1. இயங்குதளத்தை அதன் சொந்தத் தளத்திலிருந்தே பெற்று, அங்குத் தரப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும்.
2. முதலில் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பழகலாம். வன்தட்டில் நிறுவத் தேவையில்லை.
3. அன்றாட வேலைக்குச் சாதாரணப் பயனராகவே நுழைய வேண்டும். முழு அதிகாரம் தேவைப்படும்போது மட்டும்.
4. புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடக் கூடாது.
5. சொந்தக் கணினியில் மட்டுமே பயில வேண்டும். பிறர் கணினியில் அனுமதியின்றி, தீய நோக்குடன் நுழைவது 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

முடிவுரை

திறந்திருப்பதனால் மட்டும் வீடு பாதுகாப்பாகிவிடாது. உள்ளே விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். திறந்திருப்பதால் அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம், ஒரு பள்ளி மாணவியாகவும்கூட. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் நீயும் அதைப் படிக்கக் கற்றுக்கொள்" என்றார்கள். தோழியரே, நாமும் கற்போமாக!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி