மிஞ்சிய க்ளூவைனைக் கொட்டுவதற்கு முன்

நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகள் களைகட்டத் தொடங்கும். டிரெஸ்டனில் 1434-ல் தொடங்கிய ஸ்ட்ரீட்செல்மார்க்ட் முதல் சிற்றூர்ச் சந்தை வரை எங்கும் க்ளூவைன் ஆவி பறக்கும். ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை சேர்த்துச் சூடாக்கிய பானம் அது. அங்கே படிக்கப் போயிருக்கும் நம் மாணவர்களும் அந்தச் சில வாரங்கள் சந்தைக் கடைகளிலும் ஓட்டல் சமையலறைகளிலும் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர், 2024 மார்ச் முதல், ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். உணவைத் தொடும் வேலை என்றால், சேருவதற்கு முன் சுகாதார அலுவலகத்தின் தொற்றுத் தடுப்பு விளக்க வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

சான்றிதழ் கையில் இருக்கிறது, வேலையும் கிடைத்துவிட்டது. கடை மூடும்போது பானையில் இரண்டு லிட்டர் மிஞ்சி நிற்கிறது. வைக்கலாமா, கொட்டலாமா? புதிதாக வந்தவர் இதற்கு உடனே, காரணத்தோடு பதில் சொன்னால் செஃப் கவனிப்பார். மிச்சத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்தவரிடம்தான் அடுத்த பொறுப்பு போகும்.

முதலில் அது எந்த மிச்சம் என்று பாருங்கள். திறந்த பாட்டிலில் சூடாக்காமல் நிற்பது ஒன்று. அதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கவலையில்லை. பானையில் சூடாகி, யாருக்கும் ஊற்றாமல் நின்றது இன்னொன்று. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது. வாடிக்கையாளரின் கோப்பையில் மிஞ்சியதற்கு ஒரே இடம் வடிகால்தான். அது எவ்வளவு நிறைந்திருந்தாலும் பானைக்குத் திரும்பக் கூடாது.

ஒயின்தானே, கெட்டா போகும் என்று நினைப்பவர்கள் நிறைய. க்ளூவைனில் ஆல்கஹால் குறைந்தது 7 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. வீட்டிலும் சிறிய உணவகங்களிலும் பழச்சாறு சேர்த்துக் காய்ச்சுவதில் ஆல்கஹால் இன்னும் இறங்கிவிடும். அந்த அளவு எதையும் நீண்ட நாள் காக்காது. காற்றுப் பட்டால் அசெட்டிக் அமில பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக மாற்றத் தொடங்கும். ஊறிக் கிடக்கும் கிராம்பும் ஆரஞ்சின் வெள்ளைத் தோலும் ராத்திரி முழுக்கக் கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். காலையில் செஃப் ஒரு வாய் வைத்துப் பார்த்து முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கசப்பே காரணம்.

ஆகவே அடுப்பை அணைத்த முதல் அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அணைத்ததும் வடிகட்டுங்கள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, பழத்துண்டு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. வடிகட்டியதை அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் அமர்த்தி, கிளறி ஆறவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஒயினின் புளிப்பு அதை அரிக்கும், உலோக வாடையும் ஏறும். ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்புங்கள், மேலே காற்றுக்கு இடம் விடாதீர்கள். சுடச்சுட ஊற்றினால் பாட்டில் வெடிக்கலாம். மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் இத்தனையும் முடிந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே கிடந்த பானையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

இப்படி வைத்தது குடிப்பதற்கு மூன்று நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் சமையலுக்குத்தான். திரும்பச் சூடாக்குவது ஒரே ஒரு முறை, அதுவும் வேண்டிய அளவு மட்டும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிற கைப்பக்குவம் இங்கேயும் வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதித்துப் பறந்துவிடும், எனவே 70-ஐ ஒட்டியே நிறுத்துங்கள். மாலை முழுக்கச் சூட்டிலேயே நின்ற பானத்தை மறுநாள் கோப்பையில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். நெடுநேரச் சூட்டில் சர்க்கரை சிதைந்து ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் கூடுகிறது. பானம் அளவுக்கு மீறிச் சூடானதா என்பதை ஜெர்மன் ஆய்வகங்கள் இதை அளந்துதான் கண்டுபிடிக்கின்றன. அத்தகைய மிச்சத்தைச் சமையலறைக்கு அனுப்புங்கள்.

அங்கே அதற்கு வேலை நிறைய. எனக்குப் பிடித்தது சிவப்பு முட்டைக்கோஸ். ஜெர்மனியில் வாத்து வறுவலுக்கு அது இல்லாத கிறிஸ்துமஸ் இல்லை. ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி, வெங்காயமும் ஒரு ஆப்பிளும் சேர்த்து வதக்கி, கால் லிட்டர் க்ளூவைன் ஊற்றி மூடி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். ஒயினின் புளிப்பால் நிறம் நீலமாகத் திரும்பாமல் சிவப்பாகவே நிற்கும். சர்க்கரையும் கிராம்பும் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், செய்முறையில் சொன்ன சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள், கிராம்பைத் தொடாதீர்கள். கெட்டியான பேரிக்காயைத் தோல் சீவி அதிலேயே இருபது நிமிடம் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டால் மறுநாளைக்கு இனிப்பு தயார். வாத்துக்கும் மான் இறைச்சிக்கும் சாஸ் செய்வதானால் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவிடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்பே போட்டால் சுண்டச் சுண்டக் கரிக்கும். சிவப்பு ஒயின் கேக்கில் ஒயினுக்குப் பதிலாக ஊற்றலாம். உடனே தேவையில்லை என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் போடுங்கள். சர்க்கரையும் ஆல்கஹாலும் இருப்பதால் கல்லாக உறையாது, மாதக்கணக்கில் கிடக்கும், சாஸுக்கு இரண்டு கட்டி எடுத்துப் போட வசதி.

சமைத்துவிட்டால் ஆல்கஹால் போய்விடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி ஒரு மணி நேரம் கொதித்த பண்டத்திலும் கால் பங்கு மிஞ்சுகிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், மதத்தாலோ சிகிச்சையாலோ மதுவை விலக்கியவர்கள் அதே மேசையில் இருக்கலாம். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபைட் இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டும் என்பதும் ஐரோப்பியச் சட்டம், பெரும்பாலான ஒயின்கள் அதைத் தாண்டும். முட்டைக்கோஸில் ஒயின் ஊற்றினீர்களா, பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், மெனுவில் எழுதச் செய்யுங்கள்.

இன்னொன்று, இது வேலையையே காப்பாற்றும். எப்படியும் கொட்டத்தானே போகிறார்கள் என்று ஒரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடை ஊழியர் ஒருவர் ஒரு துண்டு கேக்கைக் காசு கொடுக்காமல் சாப்பிட்ட வழக்கில், அற்ப மதிப்புள்ள பொருளைத் திருடுவதும் உடனடி வேலைநீக்கத்துக்குக் காரணமாகலாம் என்று ஜெர்மனியின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம் 1984-ல் சொன்னது. 2010-ல் 1.30 யூரோ மதிப்புள்ள சீட்டுகளுக்காக நீக்கப்பட்ட காசாளருக்கு அதே நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். மூன்று வாரத்துக்கு வந்த மாணவருக்கு அந்தப் பலம் கிடையாது. வேண்டுமானால் கேளுங்கள், பொறுப்பாளர் சம்மதித்த பிறகு எடுங்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். "இது என்ன செய்ய?" என்று நிற்பதைவிட, "செஃப், நேற்று வடிகட்டி வைத்தது இரண்டு லிட்டர் இருக்கிறது, இன்றைய முட்டைக்கோஸுக்கு ஊற்றட்டுமா?" என்று கேளுங்கள். அளவும் நாளும் யோசனையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. நெரிசலான சமையலறையில் அதற்கு மேல் பேச யாருக்கும் நேரமில்லை. அடுத்த ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது பையில் ஒரு மார்க்கர் பேனாவும் ஒட்டுத்தாளும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.