குசினியை எங்கே வைப்பது?

இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலில் வந்ததும் எழும் முதற் கேள்வி, "எத்தனை அறை?" என்பதே. மண்டபம் எவ்வளவு பெரிது, முன் விறாந்தைக்கு எத்தனை தூண் என்று பேச்சு வளரும். குசினியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. வரைபடத்தின் பின்மூலையில் மிஞ்சிக் கிடக்கும் சிறு பெட்டியே குசினியாகி விடுகிறது. நாளுக்கு நாலு மணித்தியாலம் அதற்குள் நிற்கப்போகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அத்திவாரமும் வெட்டப்படுகிறது.

வடக்குக் கிழக்கில் 2012இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு அறை, மண்டபம், குசினி யாவும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. இத்தகைய வீடுகளின் பின்புறத்தைப் போய்ப் பாருங்கள். கிடுகாலோ பழைய தகரத்தாலோ கட்டிய கொட்டில் ஒன்று பல வளவுகளில் நிற்கும். சமையல் அங்கேதான். கல்லாற் கட்டிய குசினிக்குள் நெல் மூடையும் சைக்கிளும் இருக்கும். இதைப் பழக்கதோஷம் என்று சொல்வது சரியன்று. விறகு எரிக்கும் வீட்டுக்கு எரிவாயு அடுப்புக்கான குசினியை வரைந்தால், புகை மண்டபத்துக்கும் அறைக்கும்தான் போகும். அதைக் கண்டு வெளியே வந்த பெண்கள் புத்திசாலிகள்.

விறகுப் புகை சிறு பிள்ளைகளுக்கு நிமோனியாவையும், சமைப்பவருக்கு நாட்பட்ட சுவாச நோயையும் கண்புரையையும் கொண்டுவரக் கூடியது. எரிவாயுச் சிலிண்டர் வைத்திருப்பவர்களும் இது நமக்கில்லை என்று எண்ண வேண்டாம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பட்டணத்தாரே விறகு தேடி அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே குசினியை விறகுக்கென்றே திட்டமிடுங்கள்.

முதலிற் பார்க்க வேண்டியது காற்று. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். வாடை வடகிழக்கிலிருந்து வீசும். குசினி தென்மேற்கு மூலையில் இருந்தால் சோளக மாதங்கள் முழுவதும் புகை வீட்டுக்கு மேலாற்தான் போகும். வடகிழக்கில் இருந்தால் மாரியில் அதே கதி. தென்கிழக்கு மூலையில் இருந்தாலோ இரு காற்றுக்கும் புகை வீட்டைத் தொடாமல் விலகிப் போகும். மனை பார்ப்பவர்கள் அக்கினி மூலை என்று சொல்வதும் தென்கிழக்கையே; எங்கள் ஊர்க் காற்றுக்கு அது பொருந்தி வருகிறது. அந்த இடத்தில் கிணறோ வாசலோ இருந்தால் வடமேற்கும் ஏறக்குறைய அதேயளவு நல்லது. ஆனால் கச்சான் வீசும் கிழக்கு மாகாண ஊர்களில் மேற்குப் பக்கத்தைத் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

குசினியைத் தனியாகக் கட்டுவதா, வீட்டோடு சேர்ப்பதா? கிடுகுக் கூரையானால் தனியாகத்தான். வீட்டிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். ஓடோ தகரமோ போடலாமென்றால் வீட்டோடு பத்தியாக இறக்கலாம். மாரி மழையில் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றம் கடக்க வேண்டியதில்லை. எப்படிக் கட்டினாலும் அடுப்புக்கு மேலே சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஓரடி இடைவெளி விட்டு, எதிர்ச்சுவரிலும் காற்று வர வழி வையுங்கள். இரண்டு வாயுள்ள அனகி மண் அடுப்பு விறகைக் குறைக்கும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. அதனால் இந்த இடைவெளி அதற்கும் வேண்டும். புகை குறைந்த குசினியில், அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடும் விதைகளை வண்டு அரிக்கும் என்பதும் உண்மை. பயறு, கௌபி விதைகளை நன்றாகக் காயவைத்துச் சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடி வைக்கலாம்.

இன்னும் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் அடுப்பை வெளியே எடுத்து, காற்று வரும் பக்கம் மூன்றடி உயர மண்சுவர் எழுப்பினாலே பெரிய மாற்றம் தெரியும். தவழும் பிள்ளை கொதிபானையை இழுக்காமல் அடுப்பு நிலத்திலிருந்து உயர்ந்திருக்க வேண்டும்.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குசினி வாசலில் நின்றால் படலை தெரிய வேண்டும். குசினிக் கதவு வீட்டுப் பின்கதவைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் வீட்டைச் சுற்றிப் போய் அடுப்பு மூட்ட நேரும் அமைப்பு வேண்டாம். கிணறு குசினிக்குக் கிட்ட இருப்பது நல்லதுதான். ஆனால் மலசலகூடக் குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் வரவே கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அதுவும் போதாது.

அடுத்தது, வீட்டின் புழங்குமிடம். கமக்காரர் வீட்டில் மண்டபத்துக்குள் யார் இருக்கிறார்கள்? வெங்காயம் பிடி கட்டுவதும், மழைக்கு மிளகாயை அள்ளிப் போடுவதும், பிள்ளைகள் படிப்பதும், அப்பு படுப்பதும் விறாந்தையில்தான். நாலடி விறாந்தையில் ஒருவர் குறுக்கே கால் நீட்டிப் படுக்க முடியாது. மண்டபத்தைச் சுருக்கி விறாந்தையை 8 அடியாக்குங்கள் என்பதே எமது யோசனை. பெரிய மண்டபத்துக்காக நகையை ஈடு வைத்து, ஈடு மீளாமல் தவிப்பவர்கள் எம்மிடையே உள்ளனர். பூச்சி நாசினியும் தெளிகருவியும் மட்டும் விறாந்தைக்கும் வேண்டாம், குசினிக்கும் வேண்டாம். வெளியே பூட்டுள்ள பெட்டி ஒன்றில் வையுங்கள். பிள்ளைகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கோபத்திலோ மனவேதனையிலோ கை உடனே எட்டக்கூடிய இடத்தில் அது இருக்கக் கூடாது.

காசு இல்லாததால் இப்போது குசினி கட்ட இயலாதவர்கள், பின்சுவரைச் சற்று உயர்த்திக் கட்டினால் பிறகு பத்தி இறக்கலாம். எதிர்காலத்தில் கதவு வரக்கூடிய இடத்தில் இப்போதே யன்னல் வைத்தால், மேலே கொங்கிறீற் லிண்டல் இருக்கும். கீழ்ச்சுவரை மட்டும் வெட்டினால் போதும்.

அத்திவாரம் வெட்டுமுன் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். முளையும் கயிறும் கொண்டு முழு வீட்டையும் நிலத்தில் அளந்து கட்டுங்கள். குசினிக் கயிற்றுக்குள் மூன்று கல் வைத்து உண்மையாகவே தேநீர் காய்ச்சுங்கள். புகை எங்கே போகிறது, கிணற்றடிக்கு எத்தனை தரம் நடக்கிறோம் என்று அம்மம்மாவும் பெண்பிள்ளைகளும் பார்த்துச் சொல்லட்டும். மாதர் சங்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்தால் ஒருவர் காணாததை மற்றவர் காண்பார். வேண்டிய மாற்றத்தை முதற்கட்டப் பணம் எடுக்குமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டி, வரைபடத்திலேயே குறித்துக் கையொப்பம் வாங்கிக் கொள்ளுங்கள். அத்திவாரம் போட்டபின் மாற்றினால் அடுத்த கட்டப் பணம் தாமதமாகலாம்.