ஒரு கல் வரைந்தால் போதும்!

தஞ்சாவூர் ஓவியத்தின் ஓரத்தில் வரிசையாகக் கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் அதை ஒவ்வொன்றாக வரைந்தால் விடிஞ்சு போயிடும். ஒரே கல்லை பிரஷ் ஆக்கிவிடலாம்.

போட்டோஷாப்பில் வெள்ளைப் பின்னணியில் ஒரு வட்டக் கல்லைக் கறுப்பில் வரையுங்கள். அதை ஒட்டித் தேர்வு செய்து, எடிட் மெனுவில் 'டிஃபைன் பிரஷ் பிரிசெட்' கொடுங்கள். பிரஷ் வடிவத்தைத்தான் வைத்துக்கொள்ளும், நிறத்தை அல்ல. கறுப்பு முழுசாகப் பதியும், சாம்பல் லேசாகப் பதியும், வெள்ளை பதியாது. சிவப்பா, பச்சையா என்பதைத் தீட்டும்போது முடிவு செய்யலாம்.

பலர் கோட்டை விடுவது 'ஸ்பேசிங்'கில்தான். 25 சதவீதத்தில் கல்மேல் கல் ஏறி வெறும் கோடாகிவிடும். 100-ல் ஒட்டி நிற்கும். 130-ல் இடைவெளி விழும். ஷிஃப்ட் விசையை அழுத்தி இழுத்தால் வரிசை நேராக வரும்.

கல்லைப் பெரிசாகவே வரையுங்கள். சின்னதைப் பெரிதாக்கினால் அச்சில் ஓரம் மங்கிவிடும்!