சாக்லேட் சில்லுக்கு மாற்று உண்டா?

திருச்சியிலும் திருவரங்கத்திலும் வீட்டிலேயே கேக், பிஸ்கட் செய்வது இன்று புதுமையன்று. ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கிவிட்டு அதிலேயே செய்துவிடுகிறார்கள். செய்து விற்றுக் குடும்பச் செலவுக்கு உதவும் பெண்களும் உண்டு. ஆனால் செய்முறையில் ‘சாக்லேட் சிப்ஸ் ஒரு கப்’ என்று கண்டதும் தயக்கம் பிறக்கிறது. அது அருகில் கிடைக்காமற்போகலாம்; கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். அதற்காகக் கையில் அகப்பட்டதைப் போட்டால் ஒரு தட்டுப் பிஸ்கட்டும் வீணாகிவிடும். எதற்கு எது மாற்றாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில்லு பிறந்த கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்னும் ஊரில் ‘டோல் ஹவுஸ்’ விடுதியை நடத்தியவர் ரூத் வேக்ஃபீல்டு அம்மையார். 1930களின் பிற்பகுதியில் அவர் நெஸ்லே சாக்லேட் கட்டியைத் துண்டுகளாக வெட்டிப் பிஸ்கட் மாவில் கலந்தார். அதன் பின்னரே அந்நிறுவனம் சில்லுகளாகவே செய்து விற்கத் தொடங்கியது. ஆகவே, கட்டியை வெட்டிப் போடுவதுதான் மூல வழி. சில்லு பின்னால் வந்தது.

உருகியும் உருக்குலையாதது

கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியசில் உருகும். ஓவனின் வெப்பமோ 170 முதல் 180 டிகிரி. அப்படியிருந்தும் சில்லு ஏன் ஓடிவிடுவதில்லை? சில்லில் பொதுவாகக் கொழுப்பு சற்றுக் குறைவு. கொழுப்பு உருகினாலும் சர்க்கரையும் கோகோத் துகளும் உருவத்தைத் தாங்கி நிற்கின்றன. வெட்டிய கட்டி சற்றே பரவும், சுவை குறையாது.

‘காம்பவுண்டு’ என்னும் வகையில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். விலை குறைவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆயின் வாயில் கரையும் நயம் குறையும். எது எந்த வகை என்பதை உறையிலுள்ள பட்டியலே சொல்லிவிடும். முட்டை சேர்க்காத வீட்டார் பச்சைப் புள்ளியையும் பார்த்து வாங்குக.

மாற்றுப் பொருள்கள்

1. சாக்லேட் கட்டி: ஒரு கப் சில்லு சுமார் 170 கிராம்; அந்த எடைக்குக் கட்டியை எடுத்து, ஈரமில்லாத கத்தியால் பட்டாணி அளவுக்கு நறுக்குக. உதிர்ந்த தூளைச் சலித்து நீக்கினால் மாவின் நிறம் கலங்காது.

2. கோகோத் தூள்: நிறமும் மணமும் தரும், பல்லில் கடிபடும் துண்டைத் தராது. மாவிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே இரண்டு கரண்டி கோகோ சேர்த்தால் இரண்டு கரண்டி மைதாவைக் குறைக்க வேண்டும்.

3. முந்திரி, வறுத்த நிலக்கடலை, உலர் திராட்சை: காந்தி மார்க்கெட்டில் எளிதில் கிடைப்பவை, சூட்டில் உருகாதவை. கேக்கில் அடியில் தங்காதிருக்கச் சிறிது மைதாவில் புரட்டிப் போடலாம்.

4. கருப்பட்டி, வெல்லம்: துண்டாகப் போட்டால் பாகாகி ஓடித் தட்டில் ஒட்டிக் கருகும். பொடித்துச் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கலாமேயன்றிச் சில்லுக்குப் பதிலாக அன்று.

நம் ஊர் வெயில்

கோடையில் திருச்சி வெயில் 40 டிகிரியையும் தாண்டும். அலமாரியிலுள்ள சாக்லேட் தானே உருகும். எனவே காற்றுப்புகாத டப்பாவில் இட்டு ஃபிரிஜ்ஜில் வைப்பது நலம். வெளியே எடுத்ததும் திறவாமல், டப்பாவின் குளிர்ச்சி தணிந்தபின் திறக்க வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து வெண்படலம் தோன்றும். உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டிலும் கொழுப்பு மேலே வந்து இவ்வாறே வெளுக்கும். இவை பூஞ்சை அல்ல, உண்ணத் தக்கவையே. காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை.

விற்பனைக்குச் செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. நிலக்கடலையும் முந்திரியும் சிலர் உடலுக்கு ஒவ்வா. அவர்கள் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சில்லுக்குப் பதிலாக அவற்றைச் சேர்த்திருந்தால் வாங்குவோரிடம் தவறாது கூற வேண்டும். மாற்று எதுவாயினும், முதலில் நான்கு பிஸ்கட் மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு முழுத் தட்டையும் இடுக. சிக்கனமும் அதுவே, நல்ல பாடமும் அதுவே.