புகுந்த வீட்டு அடுப்படி: புது மருமகள்களுக்கு ஆறு வார்த்தை

கும்பகோணத்தில் பிறந்து திருநெல்வேலியில் வாழ்க்கைப்பட்டவள் நான். முதன்முதலாக வைத்த சொதியில், அடுப்பில் கொதிக்கும்போதே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டேன், தேங்காய்ப்பால் திரிந்துபோனது. பத்து வருஷம் வருகிற விருந்தாளிக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார் மாமியார். இன்று எனக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள். இரண்டு பக்கமும் நின்றவள் சொல்கிறேன், கேளுங்கள்.

1. முதல் ஆறு மாதம் கேட்டுச் சமையுங்கள். புளி எவ்வளவு, தேங்காயை வறுத்து அரைப்பதா பச்சையாகவா என்று கேட்டாலே மாமியார் பாதி இளகுவார். "எங்கம்மா இப்படித்தான் வைப்பாங்க" என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

2. "உப்பு ஒரு கல் கூட" என்றால் அது சேதி. "வாயில வைக்க முடியல" என்றால் அது வசவு. சேதியை வைத்துக்கொண்டு வசவைக் கழுநீரோடு கொட்டிவிடுங்கள்.

3. மாமனாருக்கு பி.பி. இருந்தால் உப்புச் சண்டை வரும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நீங்கள் சொன்னால் குற்றம், டாக்டர் சொல்லட்டும். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாயை மெதுவாகக் குறையுங்கள்.

4. மகனுக்கு முறுகல் தோசை, மருமகளுக்குக் கடைசி மாவில் ஆறிப்போன ஒன்று. இதை நீங்கள் கேட்டால் சண்டை. "அவளுக்கும் சூடா ஒண்ணு ஊத்தும்மா" என்று மகன் சொன்னால் முடிந்தது. கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. சோற்றுக்கே கணக்குப் பார்த்துப் பட்டினி போட்டால் பொறுத்துப் போகாதீர்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-இலேயே சட்டம் வந்துவிட்டது. பெண்கள் உதவி எண் 181.

6. எல்லாவற்றிலும் முக்கியம் இது: கடைசியில் சாப்பிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லாரும் எழுந்தபின் குழம்புச் சட்டியை வழித்துத் தின்றே நானும் அப்படி வெளிறிக் கிடந்தேன். வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்: என் மாமியாரும் நாற்பது வருஷமாகக் கடைசியில்தான் சாப்பிட்டிருக்கிறார். "வாங்க அத்தை, சேர்ந்து உட்காருவோம்" என்று இரண்டு தட்டு வைத்தேன். முதல் நாள் முறைத்தார். நாலாம் நாள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

இன்று ராத்திரியே அந்த இரண்டு தட்டை எடுத்து வையுங்கள். பரிமாற ஆண்களுக்கும் கை இருக்கிறது.